துண்டு துண்டாகச் சேரும் ரயில் பாதை

மாதிரி ரயில் சங்கங்கள் கண்காட்சிகளில் அமைக்கும் நீண்ட பாதை ஒருவர் கைவேலை அல்ல. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பலகைத் துண்டை வீட்டில் செய்து கொண்டுவருவார்; அரங்கில் அவை வரிசையாகப் பூட்டப்படும். துண்டின் நடுவே எந்த ஊரும் இருக்கலாம். ஓரங்களில் மட்டும் தண்டவாளத்தின் இடம், உயரம், மின் இணைப்பு எல்லாருக்கும் ஒன்றே. 1970களில் கலிபோர்னியாவில் உருவான ‘என்ட்ராக்’ விதிமுறை இதற்கு முன்னோடி: 1:160 அளவு, 4 அடிக்கு 2 அடி பலகை, மூன்று தடங்கள்.

1927இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசிப் பாதை இம்முறைக்கு நன்கு பொருந்தும். விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என ஊருக்கு ஒரு துண்டு போதும். பரவலான 1:87 அளவில் ஒரு கிலோமீட்டரே சுமார் 11.5 மீட்டராகும். ஆகவே கரிசல் வெளியைச் சுருக்கி, அச்சகம், இடைவெளி விட்டுக் கட்டிய பட்டாசு ஆலை அறைகள், ஆண்டாள் கோயில் கோபுரம் போன்ற அடையாளங்களுக்கு இடம் தர வேண்டும். பழைய மீட்டர்கேஜுக்கு 12 மி.மீ. தடம் ஏற்றது. அகலப்பாதைக்குக் கணக்குப்படி 19.3 மி.மீ. வேண்டும், கடையில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. தடத்திலும் ஓட்டலாம்.

தச்சு, மின்சாரம், ஊர் வரலாறு மூன்றையும் ஒருசேரக் கற்பிக்கும் இந்தக் கூட்டுமுயற்சியைப் பள்ளிகள் கையில் எடுக்கலாம்.