ஓரப் பார்வையும் ஒரு சோதனையும்
தறியில் அறுந்த இழையைக் காணும் கண், கும்மிடிப்பூண்டிச் சாலையில் பக்கவாட்டில் வரும் லாரியைக் காணாதிருக்கலாம். கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி ஓரப் பார்வையையே முதலில் கவரும். திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயது கடந்த 3,924 பேரைச் சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர் சோதித்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, 64 பேருக்கு இந்நோயின் ஒரு வகை இருந்தது. ஒருவர் நீங்கலாக எவரும் அதனை அறிந்திலர்.

சோதனை எளிது. ஒரு கண்ணை மூடி, கிண்ணம் போன்ற கருவியின் நடுப்புள்ளியையே நோக்கி, ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். தவறிய இடங்களைக் கருவி படமாக்கித் தரும். மிக மங்கிய பொட்டுகள் தெரியாமை இயல்பே, அஞ்சவேண்டா. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதை மருந்தால் காக்கலாம். ஆதலின் 40 வயது நிரம்பிய அங்கத்தினர், குறிப்பாகக் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர், கண் மருத்துவரை நாடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.