தாழ்வேகத்தில் நின்றுவிடும் படகு இயந்திரம்

நமது வங்கியின் கடலோரக் கிளைகளுக்குப் புதிய வெளிப்பொருத்தும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வரும் மீனவ வாடிக்கையாளர்கள் பலர். பழையதற்கு என்ன குறை என்று வினவினால், "விரைந்து ஓடும்போது நன்றாக இருக்கிறது; வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடுகிறது" என்பார்கள். முகத்துவாரத்தில் வேகத்தைத் தணிக்கும் கணத்தில் இயந்திரம் நின்றால், அலை படகைத் தடுப்புக் கற்களின்மீது தள்ளிவிடும். எனவே இதனைச் சிறு தொல்லையென ஒதுக்க இயலாது. ஆயினும் இக்குறைக்காகப் புதிய இயந்திரமே வாங்க வேண்டிய தேவை அரிது. நாம் கணக்கேடுகளோடு பழகியவர்கள், மெக்கானிக்குகள் அல்லர். எனினும் செலவு குறைந்ததை முதலில் பார்ப்பது இரு தொழிலுக்கும் பொதுவன்றோ?

கார்புரேட்டரில் விரைவோட்டத்திற்கும் தாழ்வேகத்திற்கும் எரிபொருள் வெவ்வேறு துளைகளின் வழியே செல்கிறது. தாழ்வேகத்திற்குரிய ஜெட்டின் துளை மிக நுண்ணியது. மழைக்காலத்தில் கரையேற்றிய இயந்திரத்தில் பெட்ரோல் வாரக்கணக்கில் தேங்கினால், அது பிசின்போலப் படிந்து அத்துளையை அடைத்துவிடும். பெரிய துளையோ தப்பிவிடும். விரைவில் ஓடும் இயந்திரம் தாழ்வேகத்தில் நிற்பதன் முதன்மையான காரணம் இதுவே. தற்காலப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனாலும் கடற்காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. ஈரம் மிகுந்தால் நீர் பிரிந்து அடியில் தங்கும்.

கரையில் சோதிக்கும்போது இயந்திரத்தின் அடிப்பகுதி நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்க வேண்டும். நீரின்றி ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம் விரைவில் கெடும். முதலில் எரிபொருள் தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்துள்ளதா, சோக் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். நிற்கப்போகும் தறுவாயில் குழாயிலுள்ள ரப்பர் குமிழை அழுத்தினால் இயந்திரம் உயிர்பெறுகிறதா? அவ்வாறாயின் குறை குழாயிலோ எரிபொருள் பம்பிலோ உள்ளது. பின்னர், இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ளதைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கவும். நீர் இருந்தால் அடியில் தெளிவாகத் தெரியும். அருகில் பீடியோ விளக்கோ கூடாது.

ஸ்பார்க் பிளக் கரிபடிந்து எண்ணெய்ப் பசையாக இருந்தால், டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எண்ணெய் மிகுந்திருக்கலாம். கையேடு 50:1 என்று கூறினால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் போதும். 'கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லது' என்னும் எண்ணம் பிளக்கைத்தான் கெடுக்கிறது. கியர் போட்டவுடன் மட்டும் நின்றால், புரொப்பல்லரில் வலைநூல் சுற்றியுள்ளதா என இயந்திரத்தை நிறுத்திய பின் பார்க்கவும்.

ஜெட்டைத் துப்புரவு செய்யும்போது கம்பியால் குத்தலாகாது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும். நம்மவர் பலர் முதலில் கைவைப்பது தாழ்வேகத் திருகின்மீது. அது கடைசியில் தொட வேண்டியது. அடைப்பை நீக்காமல் அத்திருகால் வேகத்தைக் கூட்டினால், கியர் போடும்போது படகு குலுங்கிப் பாயும், கியர்ப் பற்களும் தேயும்.

கரையேற்றும் முன் எரிபொருள் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் வற்றும்வரை நீரில் ஓட்டி நிறுத்தினால் பிசின் படியாது.

இவ்வளவுக்குப் பின்னும் குறை தொடர்ந்தால், மெக்கானிக்கிடம் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கச் சொல்லவும். இயந்திரம் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அவரது எழுத்துமூல மதிப்பீட்டுடன் கிளையை அணுகலாம். 2018-19 நிதிநிலை அறிக்கையின்வழி மீனவருக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டு, எரிபொருள், பனிக்கட்டி, கூலி போன்ற அன்றாடச் செலவுகளுக்கானது. புதிய இயந்திரத்திற்குத் தனியே தவணைக் கடன் கோர வேண்டும்.