பெயர் கெட்டவர் யார்?

ஒரு சினிமாவின் பெயரே அதன் கதாநாயகியின்மீது சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையாக அமைவது அபூர்வம். ஆல்பிரட் ஹிட்ச்காக் டைரக்ட் செய்து, 1946ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான ‘நொட்டோரியஸ்’ அத்தகைய படம். அச்சொல்லுக்கு இங்கே ‘பெயர் கெட்டவள்’ என்று பொருள் கொள்ளலாம். ஒற்றர் கதைப் படங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்றென மதிக்கப்படும் இதனைக் கிரைட்டீரியன் கம்பெனியார் 2001ல் டி.வி.டி. தகடாகவும், புதுப்பிக்கப்பட்ட பிரதியைக் கொண்டு 2019ல் புளூ-ரே தகடாகவும், வீட்டிலிருந்தே பார்ப்பதற்கென்று வெளியிட்டனர். நகைகளும், நாகரிக உடைகளும், ஷாம்பேன் மதுவும் மலிந்த ஒரு காதல் படத்தைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று நமது நேயர்களில் சிலர் வினவக்கூடும். இப்படத்தில் நடக்கும் வழக்கு ஒரு சர்க்காருக்கும் ஒரு பிரஜைக்கும் இடையே நடப்பது, ஆகையால் எழுதுகிறோம்.

கதை கோர்ட்டிலேயே தொடங்குகிறது. ஜெர்மானிய நாஜிகளுக்கு உளவாளியாயிருந்த ஹூபர்மன் என்பவனுக்கு மயாமி நகரில் ராஜத்துரோகக் குற்றத்துக்காக இருபது வருஷத் தண்டனை விதிக்கப்படுகிறது. அவன் மகள் அலீஷியா தன் அவமானத்தைக் குடியிலும் கேளிக்கையிலும் கரைக்க முயல்கிறாள். இந்தப் பாத்திரத்தை ஏற்றவர் ஸ்வீடன் தேசத்து நடிகை இங்க்ரிட் பெர்க்மன். அவளைத் தேடி வருகிறான் சர்க்கார் உளவிலாகாவைச் சேர்ந்த டெவ்லின் (கேரி கிராண்ட்). அவளும் தந்தையும் தனித்துப் பேசியதை அவளறியாமல் அதிகாரிகள் இசைத்தட்டில் பிடித்து வைத்திருக்கின்றனர். தந்தையின் துரோக யோசனையை அவள் வெறுத்து ஒதுக்கியதும், தான் வாழும் தேசத்தை நேசிப்பதாகச் சொன்னதும் அதில் பதிவாகியுள்ளன. டெவ்லின் அத்தட்டைச் சுழலவிட்டு, அவளை ஒற்று வேலைக்கு இசையச் செய்கிறான். ஒருவன் வாய்ச்சொல்லையே அவனுக்கு விரோதமான சாட்சியமாக்குவதை நாம் கோர்ட்டுகளில் எத்தனையோ முறை கண்டதுண்டு. ஒருத்தியின் தேசபக்தியையே அவளுக்கு விரோதமான சாட்சியமாக்கியதை இப்படத்தில்தான் கண்டோம்.

ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த நூலைப் போற்றும் நமக்கு, அரசுக்கு ஒற்றர் வேண்டும் என்பதில் ஆட்சேபணை இல்லை. அந்த வேலைக்கு எதை விலையாகக் கேட்கலாம் என்பதே விவாதத்துக்குரிய விஷயம். பிரேஸில் தேசத்து ரியோ டி ஜனீரோ நகரில் நாஜிகள் சிலர் யுத்தத்துக்குப் பின்னும் மறைவாகக் கூடுகின்றனர். அவர்களில் ஒருவனான ஸெபாஸ்டியன் முன்னர் அலீஷியாவை விரும்பியவன். அவனுடைய நம்பிக்கையைப் பெற்று அவன் வீட்டு ரகசியங்களை அறிந்துவர வேண்டும். எவ்வழியில் பெறுவது என்பதை அதிகாரிகள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரியோவுக்கு வந்த சில தினங்களில் அலீஷியாவும் டெவ்லினும் ஒருவரையொருவர் காதலித்துவிடுகின்றனர். உத்தரவு கிடைத்ததும், “வேண்டாம், போகாதே” என்ற ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து எதிர்பார்த்து அவள் நிற்கிறாள். அவன் சொல்லவில்லை. ஸெபாஸ்டியன் அவளை மணக்க விரும்பியபோதும், அவள் அதிகாரிகள் முன்னிலையில் வந்து யோசனை கேட்கும்போதும், அவன் சொல்லவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். இவனுடைய மௌனம் சம்மதமன்று; பரீட்சை. அவளாகவே மறுப்பாளா என்று பார்க்கிறான், மறுக்காதது கண்டு அவளை இகழ்கிறான். தானே தள்ளிவிட்டவளை, விழுந்தாளே என்று குறைகூறும் இக்குணம் தனி மனிதரோடு நின்றுவிடுவதில்லை.

அதிகாரிகளுடைய யோக்கியதையோ இன்னும் கீழானது. அலோசனைக் கூட்டத்தில் ஒருவர் அலீஷியாவின் நடத்தையைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறார். டெவ்லினுக்கு அப்போதுதான் சூடு பிறக்கிறது. இவள் உயிரைப் பணயம் வைக்கும் வேளையில், உமது கௌரவமான மனைவி வாஷிங்டனில் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறாள் என்ற கருத்துப்பட அவன் இடித்துக் கூறுகிறான். நாயகன் என்று அவனை ஏற்க நமக்கு மனம் வந்தது அந்த இடத்தில்தான். பின்னர் அலீஷியா நோயுற்றிருப்பதாக அவன் மேலதிகாரியிடம் தெரிவிக்கச் செல்கிறான். மேலதிகாரி படுக்கையில் சாய்ந்தபடி பிஸ்கோத்தில் பாலாடைக்கட்டி தடவித் தின்றுகொண்டே கேட்கிறார். இரைந்து ஒரு வார்த்தை பேசவில்லை; கொடுமை ஏதும் செய்யவில்லை. நமக்கு மட்டும் அந்தப் பிஸ்கோத்து தொண்டையில் சிக்கியது.

இனி அந்தச் சாவியின் விஷயம். ஸெபாஸ்டியன் மாளிகையில் பெரிய விருந்து. மேல்மாடத்தின் உயரத்திலிருந்து முழுக் கூடத்தையும் காட்டத் தொடங்கும் காமிரா, சரவிளக்குகளையும் விருந்தினரையும் தாண்டி மெல்ல இறங்கி, அலீஷியாவின் கைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு சாவியில் வந்து நிலைக்கிறது. அது மதுக்குப்பிகள் வைக்கும் நிலவறையின் சாவி. கணவனுடைய வளையத்திலிருந்து அவள் களவாடியது. கீழே நிலவறையில் அவளும் டெவ்லினும் துப்புத் துலக்கும்போது மேலே பனிக்கட்டித் தொட்டியில் ஷாம்பேன் குப்பிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. தீர்ந்துவிட்டால் மேலும் எடுத்துவரச் சாவியைத் தேடுவார்கள். துப்பாக்கிச் சண்டையால் உண்டாக்க முடியாத நடுக்கத்தை, குறையும் குப்பிகளைக் கொண்டே டைரக்டர் உண்டாக்கிவிடுகிறார். கொட்டகையில் ஒரு கணத்தில் கடந்துபோகும் இக்காட்சியை வீட்டில் நிறுத்தி, திருப்பி, மறுபடியும் பார்க்கலாம். கூட்டத்தோடு சேர்ந்து மூச்சை அடக்கும் அனுபவம் தனியறையில் இல்லை என்பது மெய்யே. ஆயினும் சாட்சியத்தை மறுபடி வாசிக்கும் வசதியை நம்மைப்போன்ற வக்கீல்கள் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டோம்.

குப்பியொன்றில் மதுவுக்குப் பதிலாக இருந்தது யுரேனியத் தாது. பென் ஹெக்ட் என்ற ஆசிரியரும் ஹிட்ச்காக்கும் இக்கதையைப் புனையத் தொடங்கியபோது ஹிரோஷிமாவின்மீது குண்டு விழவில்லை. அது விழுந்தது 1945 ஆகஸ்டு 6ல். யுரேனியத்தைப் பற்றி விசாரித்ததற்காக அமெரிக்க ரகசியப் போலீஸார் தம்மைச் சில மாதம் பின்தொடர்ந்தனர் என்று ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொல்லிவந்தார். ஆராய்ச்சியாளர் இதை முழுதும் நம்புவதில்லை. கதை சொல்லும் தொழிலினர் சற்றுக் கூட்டியே சொல்வர். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் படத்தை நட்சத்திரங்களோடு ஆர்.கே.ஓ. கம்பெனிக்கு விற்றுவிட்டார் என்பதோ உண்மை. நெடுநேர முத்தத்தை அனுமதியாத அக்காலத் தணிக்கை விதியை, முத்தத்தை இடையிடையே நிறுத்தி, சமையலைப் பற்றிப் பேச வைத்து ஹிட்ச்காக் ஏய்த்த கதை பலரும் அறிந்ததே.

நம்மை அதிகம் சிந்திக்க வைத்தவன் ஸெபாஸ்டியன். கிளாட் ரெய்ன்ஸ் இப்பாத்திரத்தில் வெகு நுட்பமாக நடித்திருக்கிறார். ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. இவன் நாஜி, கொலைக்கு உடந்தையானவன், இதில் நாம் யாதொரு சலுகையும் காட்டவில்லை. எனினும், டெவ்லின் கொடுக்க மறுத்த நம்பிக்கையை அலீஷியாவுக்குத் தடையின்றிக் கொடுத்தவன் இவனே. அவள் ஒற்று என்று தெரிந்தபின் தன் தாயின் ஏவலால் காபியில் சிறிது சிறிதாக விஷம் கலக்கிறான். விரோதி கையால் உடலுக்கு விஷம். நேசன் நாவால் மனத்துக்கு விஷம்.

இப்படத்துக்கு நேர்ந்த ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். 1951ல் மேற்கு ஜெர்மனியில் ஜெர்மன் குரல் கொடுத்து இதை வெளியிட்டபோது ‘வெள்ளை விஷம்’ என்று பெயரிட்டு, நாஜிகளைப் போதைமருந்துக் கடத்தல்காரராக மாற்றிவிட்டார்கள். அதே முகங்கள், அதே குப்பிகள், பேச்சு மட்டும் வேறு. தோற்ற தேசத்தின் ஜனங்கள் தம் குற்றத்தைத் திரையிற் காணச் சகியார் என்று வியாபாரிகள் கருதினர் போலும். பிற்காலத்தில் புதிதாகக் குரல் கொடுத்த பிறகே உண்மைக் கதை அவர்கள் செவிக்கு எட்டிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமோ 2006ல் இப்படத்தைப் பாதுகாக்கத்தக்க தேசிய சினிமாக்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, அதில் அமெரிக்க அதிகாரிகள் அடையும் சிறுமையையும் சேர்த்தே.

முடிவில் டெவ்லின் அந்த மாளிகைக்குச் சென்று, எழக்கூடச் சக்தியற்ற அலீஷியாவைத் தாங்கிப் படியிறக்கி வருகிறான். கீழே நாஜிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். தடுத்தால் தன் மனைவி ஒற்று என்பது வெளியாகும். ஆகவே ஸெபாஸ்டியனும் ஒருபுறம் தாங்கிக்கொண்டே இறங்குகிறான். மோட்டார் வண்டியில் தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி கெஞ்சுகிறான். டெவ்லின் வண்டிக் கதவைப் பூட்டிவிடுகிறான். வாசலிலிருந்து கூட்டாளிகள் மரியாதையாகவே அவனை உள்ளே அழைக்கின்றனர். அவன் படியேறிச் செல்கிறான், கதவு சாத்தப்படுகிறது. அதிகாரிகள் கூடி அலீஷியாவைப் பாராட்டும் காட்சி எதுவும் அதன்பின் இல்லை.