நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் டூர்... சாவி வாங்கும் முன் கழிவறையைப் பாருங்கள்!

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள மோட்டார்ஹோமில் நியூசிலாந்தைச் சுற்ற ஆசையா? அங்கும் நம்மூர் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள நம் லைசென்ஸே போதும்.

சிக்கல், ராத்திரி வண்டியை நிறுத்தும்போதுதான். 2023-ல் வந்த சட்டப்படி, காசு கொடுக்காமல் பொது இடங்களில் தங்க, பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே பொருத்தப்பட்ட கழிவறையும், அதற்கான பச்சை அட்டையும் வேண்டும். தூக்கிவைக்கும் டாய்லெட் செல்லாது. மீறினால் 400 டாலர் அபராதம்! கழிவை 'டம்ப் ஸ்டேஷன்'களில் மட்டுமே கொட்டலாம். அந்த வேலை யாருக்கு என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள், நடுவழியில் சண்டை வேண்டாம்.

அம்மா கட்டித்தரும் ஊறுகாயை விமான நிலையத்தில் மறக்காமல் அறிவியுங்கள். மறைத்தால் அங்கேயும் 400 டாலர். டீசல் வண்டி என்றால் கிலோமீட்டருக்குத் தனி சாலைக் கட்டணம் உண்டு. அது வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.