நல்லா படம் எடுக்கிறேன், வேலையை விடலாமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, அஞ்சு வருஷமா படம் எடுக்கிறேன். எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க. வேலையை விட்டுட்டு முழுநேரமா இறங்கலாமா?" இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியல. அதான் இந்த எபிசோடு.

நான் வளர்ந்தது அணுபுரம் குவார்ட்டர்ஸ்ல. ஒரு பக்கம் திருக்கழுக்குன்றம் மலை, இன்னொரு பக்கம் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, கொஞ்சம் தள்ளி மாமல்லபுரம், சீசன்ல வேடந்தாங்கல். கேமரா வெச்சிருக்கிற பையனுக்கு இதைவிட என்ன வேணும்? கடற்கரைக் கோயில் பின்னாடி சூரியன் உதிக்கிற படம் மட்டும் என்கிட்ட 300 இருக்கும். பிரச்சினையே அங்கதான். அதே படம் உங்ககிட்டயும் இருக்கு.

ஒரு படமா, ஒரு வேலையா?

அமெச்சூரா இருக்கும்போது நாம தனித்தனி நல்ல படங்களைச் சேர்க்கிறோம். தொழில்னு வரும்போது எடிட்டரோ கிளையன்ட்டோ பார்க்கிறது வேற. ஒரே விஷயத்தை இந்த ஆள் எவ்வளவு தூரம் விடாம பின்தொடர்ந்து போவான்னுதான் பார்க்கிறாங்க.

மதுரைக்காரர் எம். பழனிக்குமாரை எடுத்துக்கங்க. அவரோட அம்மா மீன் வித்தவர். 2017-ல வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணவர். அப்புறம் 'பாரி' இணைய இதழுக்காக ராமநாதபுரம் கடற்கரையில பாசி எடுக்கிற பெண்களையும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளையும் படமெடுத்தார். தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல முதல்முறையா கொடுக்கப்பட்டப்போ அவருக்குத்தான் போச்சு. அவர் படங்களை வரிசையா பாருங்க. உழைக்கிற மனுஷங்கதான் அவருடைய பாடம்னு உடனே தெரியும்.

நம்ம ஈசிஆர்லயே தெற்கே போனா புதுச்சேரி. அங்க செந்தில் குமரன். மனுஷனுக்கும் புலிக்கும் நடுவுல இருக்கிற மோதலைப் பல வருஷம் எடுத்தார். 2022 வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில ஆசியாவுக்கான நீண்டகாலத் திட்டப் பிரிவுல அந்த வேலை ஜெயிச்சுது.

சரி, நமக்கு எது? நான் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில காலை மீன் ஏலத்தை எடுக்க ஆரம்பிச்சேன். முதல் மாசம் முழுக்க தூரத்துல நின்னு பெரிய லென்ஸ்ல எடுத்தேன். ஒருநாள் ஒரு அக்கா கூடையை இறக்கி வெச்சுட்டு, "தம்பி, தெனமும் எடுக்கிற. எடுத்ததை எங்களுக்குக் காட்டவே மாட்டியா?"ன்னு கேட்டாங்க. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. அடுத்த வாரம் 20 பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுக்கப்புறம் நான் 35 எம்எம் லென்ஸோட பக்கத்துலயே நின்னேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. படமும் மாறிப்போச்சு.

ஒரு எச்சரிக்கை. கல்பாக்கம் அணுமின் நிலையப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க, டிரோன் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க. மாமல்லபுரத்துல தொல்லியல் துறை பராமரிக்கிற இடங்கள்ல டிரைபாட் வைக்க முன்அனுமதி வேணும். தொழில்முறைங்கிறது இந்த மாதிரி விதிகளைத் தெரிஞ்சு வெச்சுக்கிறதும்தான்.

நான் ஏமாந்த கதை

என்னோட முதல் காசு வேலை ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டுக்கு. பேர் வேண்டாம். ரெண்டு நாள், 4,000 ரூபாய். வாய்ப்பேச்சுதான், எழுத்துல ஒண்ணும் இல்ல. ஒரு வருஷம் கழிச்சு பஸ்ல போறேன், என் படம் பெரிய ஹோர்டிங்ல நிக்குது. போன் பண்ணிக் கேட்டா, "அதான் காசு கொடுத்துட்டோமே" என்றார்கள். கோபமா ஒரு வக்கீல் அண்ணன்கிட்ட போனேன். அவர் சிரிச்சுட்டு, "சட்டம் அவங்க பக்கம்டா"ன்னார்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பொதுவா படம் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். ஆனா இன்னொருத்தர் கேட்டு, காசு வாங்கிட்டு எடுத்த படம்னா, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல உரிமை காசு கொடுத்தவருக்குப் போயிடும். அந்த "வேற ஒப்பந்தம்"கிறதுதான் உங்க சோறு. ஒரு பக்கம் போதும்: எத்தனை படம், எங்க பயன்படுத்தலாம், எத்தனை மாசத்துக்கு, உரிமை யாருக்கு, முன்பணம் எவ்வளவு. ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். சொந்தக்காரங்க கல்யாணமா இருந்தாலும் சரி.

ஒரு நாளுக்கு எவ்வளவு கேட்கிறது?

"மார்க்கெட் ரேட் என்ன"ன்னு கேட்காதீங்க. உங்க கணக்கைப் போடுங்க. உதாரணத்துக்கு, வீட்டுச் செலவு மாசம் 40,000. கேமரா, லென்ஸ் 1,80,000, மூணு வருஷம் உழைக்கும்னா மாசம் 5,000. பெட்ரோல், ஹார்ட் டிஸ்க், ரிப்பேர் 5,000. ஆக மொத்தம் 50,000.

ஒருநாள் ஷூட்டுக்கு எடிட்டிங், பேச்சுவார்த்தை, டெலிவரின்னு இன்னும் ரெண்டு நாள் போகும். மாசம் 25 நாள் உழைச்சா 8 ஷூட். ஒண்ணுக்கு 6,250. ஆனா எல்லா மாசமும் 8 வேலை வராது. நாலுதான் வந்தா 12,500. இதுக்குக் கீழே வாங்கினா உங்க கைக்காசைப் போட்டு வேலை பார்க்கிறீங்க. என் 4,000 ரூபாயை இப்போ நினைச்சுப் பாருங்க!

அப்போ வேலையை விடலாமா?

அவசரப்படாதீங்க. ரகு ராய் சிவில் இன்ஜினியரிங் படிச்சவர். 60-கள்ல 'தி ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில சேர்ந்தார், 1977-ல கார்த்தியே பிரெசோன் அவரை மேக்னம் அமைப்புக்குப் பரிந்துரைச்சார். அங்கேயும் நடுவுல பத்து வருஷத்துக்கு மேல உழைப்பு இருக்கு.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல். நிறைய பேர் மத்திய அரசு ஊழியர்கள். 1964 நடத்தை விதிகள்ல 15-வது விதிப்படி, எப்போதாவது பண்ற கலை, இலக்கிய வேலைக்கு முன்அனுமதி தேவையில்லை. ஆனா மாசம் நாலு கல்யாணம் எடுக்கிறது "எப்போதாவது" ஆகாது, அது தொழில். ஆபீஸ்ல எழுதிக் கேட்டுட்டு இறங்குங்க.

நான் என்ன பண்ணேன்னா, வேலையில இருந்தபடியே மூணு விஷயம் வெச்சுக்கிட்டேன். ஒண்ணு, ஆறு மாசச் செலவு பேங்க்ல. ரெண்டு, நண்பர் வட்டத்துக்கு வெளியே இருந்து, மறுபடி கூப்பிடுற மூணு கிளையன்ட். மூணு, ஒரே விஷயத்துல 20 படம் கொண்ட ஒரு தொகுப்பு. அதை நானே தேர்ந்தெடுக்கல. 200 படத்தை மேஜையில பரப்பி, கறாரான ஒருத்தர்கிட்ட விட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச படத்தைத்தான் முதல்ல தூக்கினார். வலிச்சுது, ஆனா அவர் சொன்னது சரி. அப்படி ஆள் தெரியலன்னா, சென்னையில வீக்எண்ட் கிளிக்கர்ஸ் மாதிரி குழுக்களோட நடக்கப் போங்க, சென்னை போட்டோ பியனாலே நடக்கும்போது போய் மத்தவங்க தொகுப்பு எப்படி அடுக்கியிருக்காங்கன்னு பாருங்க.

இந்த மூணும் சேர எனக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். அப்பா ரெண்டு மாசம் சரியா பேசல. ஏலத்துப் படங்களை வீட்டுச் சுவத்துல மாட்டினப்போ கிட்டப் போய் நின்னு, "இந்தம்மாகிட்டதான் நாம ஞாயித்துக்கிழமை மீன் வாங்குவோம்"னு சொன்னார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதும்.

தம்பி, உனக்கு என் பதில்: இன்னிக்கு வேலையை விடாதே. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து, நீ திரும்பத் திரும்பப் போக விரும்புற ஒரு இடத்துக்குப் போ. போன வாரம் எடுத்த பிரிண்டைக் கையில எடுத்துட்டுப் போ.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.