சீட்டாட்டம் விளையாட்டு ஆகுமா?

2018-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அன்று இந்தியாவுக்கு இரண்டு தங்கப் பதக்கங்கள் கிடைத்தன.

ஒன்றை வென்றவர் குத்துச்சண்டை வீரர் அமித் பங்கல். வயது 22. ஒலிம்பிக் சாம்பியனையே அவர் தோற்கடித்தார்.

மற்றொன்றை வென்றவர்கள் இருவர். பிரணாப் பர்தன், வயது 60. சிப்நாத் சர்க்கார், வயது 56. அவர்கள் ஓடவில்லை, தாண்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள்!

ஆம். 'பிரிட்ஜ்' என்னும் சீட்டாட்டம் ஆசியப் போட்டியில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை.

நம் ஊரில் "மாப்பிள்ளை சீட்டாடுவார்" என்று சொன்னால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அந்தச் சீட்டுக்குத் தங்கப் பதக்கமா?

கோர்ட்டுக்குப் போன வழக்கு

இதே கேள்வி ஐரோப்பாவில் கோர்ட்டு வரை போயிற்று. "பிரிட்ஜும் விளையாட்டே. போட்டிக் கட்டணத்துக்கு வரி விதிக்கக் கூடாது" என்று இங்கிலாந்து பிரிட்ஜ் சங்கத்தார் வாதாடினார்கள். 2017 அக்டோபரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பியக் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பிரிட்ஜுக்கு அறிவும் நினைவாற்றலும் தேவை என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி உடல் உழைப்பு இல்லாததால், வரிச் சலுகை தரும் அளவுக்கு அது விளையாட்டு ஆகாது என்று கூறிவிட்டனர்.

உடல் உழைப்பு ஒன்றுதான் அளவுகோலா? நம் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவை முதன் முதலில் (1991-92) பெற்றவர் யார்? சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த்! காய் நகர்த்தியவருக்கு விருது கொடுத்து மகிழ்ந்தோம் அல்லவா?

"சதுரங்கத்தில் அதிர்ஷ்டம் இல்லை. சீட்டில் உண்டே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை

52 சீட்டுகளிலிருந்து ஒருவர் கைக்கு 13 சீட்டுகள் வரும் வகைகள் மட்டும் 63,501 கோடிக்கு மேல்! ஏஸும் ராஜாவுமாக வந்தால் யாரும் ஜெயிக்கலாம் அல்லவா?

அதற்குத்தான் போட்டிகளில் ஓர் ஏற்பாடு. ஒரு மேஜையில் ஆடி முடித்ததும் சீட்டுகளைக் கலைப்பதில்லை. நான்கு பேருடைய சீட்டுகளையும் தனித்தனியாக ஒரு பலகையில் செருகி அடுத்த மேஜைக்கு அனுப்புகிறார்கள். அங்கே உட்காருகிறவருக்கும் அதே சீட்டுகள்தான். ஒரே சீட்டை வைத்துக்கொண்டு யார் அதிகப் பிடி பிடித்தார், யார் கணக்கிட்டு ஏலம் கேட்டார் என்று ஒப்பிட்டே மார்க்கு. மோசமான சீட்டு வந்தவரும் முதல் பரிசு பெற முடியும்!

பணம் வந்தால்?

ரம்மியைப் பற்றி நமது சுப்ரீம் கோர்ட்டு 1967-லேயே தீர்ப்பளித்துவிட்டது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. மூன்று சீட்டு அப்படி அல்ல. அது வெறும் அதிர்ஷ்டம் என்றும் கூறியது. பந்தய ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் லாபம் சம்பாதித்தால் குற்றமாகலாம் என்று எச்சரிக்கவும் தவறவில்லை.

அந்த எச்சரிக்கையின் அருமை செல்போன் ரம்மி வந்த பிறகுதான் நமக்குப் புரிந்தது. சம்பளம் போயிற்று, மனைவியின் நகை போயிற்று, கடன் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. 2022-ல் தமிழக சட்டசபை இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் சட்டம் செய்தது.

ஜகார்த்தாவில் ஆடியதும் 52 சீட்டுதான். குடும்பத்தைக் கெடுப்பதும் அதே 52 சீட்டுதான். அங்கே எல்லோருக்கும் ஒரே சீட்டு. மேஜையில் காசு இல்லை. அதனால் அது விளையாட்டு. இங்கே காசு இருக்கிறது. தோற்றவன் விட்டதைப் பிடிக்க மறுபடியும் உட்காருகிறான். அதனால் இது சூதாட்டம்.

லீவு நாளில் தாத்தாவும் பேரனும் திண்ணையில் சீட்டுப் போட்டால் தடுக்காதீர்கள். பேரனுக்குக் கணக்கு வரும். தாத்தாவுக்கு நினைவு மங்காது. ஆனால் "சும்மா ஒரு ரூபாய் வைத்து ஆடலாமே" என்று யாராவது சொன்னால், சீட்டுக்கட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்!