இடுப்பு மூட்டு வலியும் நடவு வேலைக்கு மீள்தலும்

இடுப்பு மூட்டு வலி என்பது தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணக் குழியில் பொருந்தும் மூட்டிலோ, அதனைச் சூழ்ந்த தசைகளிலோ தசைநாண்களிலோ தோன்றும் வலி ஆகும். காவிரிப் படுகையில் பெரும்பாலும் பெண்கள் செய்துவரும் நாற்று நடவு, இம்மூட்டின் மீது பெருஞ்சுமை ஏற்றும் வேலைகளுள் ஒன்று. பல ஆண்டுகள் வேளாண் தொழில் செய்த ஆண்களிடம் இடுப்பு மூட்டுத் தேய்வு மிகுந்து காணப்படுவதை 1992 இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு சுட்டிக்காட்டியது.

பெயரும் இடமும்

தமிழில் 'இடுப்பு வலி' என்னும் வழக்கு கீழ்முதுகு வலியையும், மகப்பேற்று வலியையும், இடுப்பு மூட்டு வலியையும் ஒருங்கே குறிக்கின்றது. ஆதலால் மருத்துவரிடம் வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவதே நன்று. தொடையிடுக்கில் தோன்றும் வலி பெரும்பாலும் மூட்டிலிருந்தே எழுவது. இடுப்பின் வெளிப்புற எலும்பு முனையில், அப்பக்கமாகப் படுக்கும்போது மிகும் வலி, புட்டத் தசைநாண்களைச் சார்ந்தது. பின்புறம் தொடங்கிக் காலில் இறங்கும் வலிக்கு முதுகெலும்பு காரணமாகலாம்.

நடவின்போது நிகழ்வது

நடுபவர் இடுப்பை ஏறத்தாழ செங்கோணத்திற்கு மடக்கிக் குனிந்து, ஒரு கையில் நாற்று முடியைப் பிடித்துப் பின்னோக்கி நகர்கின்றார். சேற்றில் புதைந்த ஒரு காலை இழுக்கும்போது மறுகால் மட்டுமே உடலைத் தாங்குகின்றது. சமதரையில் ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கும்போதே மூட்டின் மீது உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு விசை விழுகின்றது.

சுமையைவிட அது வந்து சேரும் வேகமே பல வேளைகளில் சிக்கலாகின்றது. மேட்டூர் அணை மரபாக ஜூன் 12 இல் திறக்கப்படும். குறுவை நாற்றுகள் சுமார் 25 நாட்களில் நடவுக்கு வந்ததும், கோடையில் ஓய்ந்திருந்த உடல் திடீரென நாள் முழுதும் குனிய வேண்டியதாகின்றது. தசைநாண்கள் வலுப்பெறுவதற்கோ வாரங்களும் மாதங்களும் தேவை.

மீட்சி

முழு ஓய்வு தசைகளை மேலும் தளர்த்தும். தினக்கூலியை நம்பியவருக்கு அது இயலாததும் கூட. வலியைத் தூண்டும் செயல்களைச் சில வாரங்கள் குறைத்துக்கொள்வதே பொருத்தம். வெளிப்புற வலி உடையோர் இடுப்பில் குடம் சுமத்தல், ஒரு காலில் சாய்ந்து நிற்றல், கால்மேல் கால் போட்டு அமர்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இவ்வகைத் தசைநாண் வலியுடைய 204 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வில், 8 வார முடிவில் உடற்பயிற்சியும் அறிவுரையும் பெற்றோரில் 77 விழுக்காட்டினர் முன்னேறினர். ஸ்டீராய்டு ஊசி பெற்றோரில் 58 விழுக்காட்டினரும், காத்திருந்து பார்த்தோரில் 29 விழுக்காட்டினரும் முன்னேறினர்.

மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல், திண்ணையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், படியேறுதல் என்று பயிற்சி படிப்படியாக வளரும். வாய்க்கால் கரையில் நடப்பது எளிய தொடக்கமாகும். பயிற்சியின்போது தோன்றும் சிறு வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் அந்த அளவைத் தொடரலாம். அடங்காவிடில் குறைக்க வேண்டும். நடவுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன், அதாவது வைகாசியிலேயே, பயிற்சியைத் தொடங்குவது குறுவைக்குப் பொருந்தும்.

வயலுக்குத் திரும்பும்போது முதல் வாரம் அரைநாள் நடவும், அடிக்கடி நிமிர்ந்து சில அடிகள் நடப்பதும் உதவும். நடவுக் குழு ஒன்றாக ஒப்பந்தம் எடுக்கும் இடங்களில் ஒருவருக்கு மட்டும் அரைநாள் கிடைப்பது கடினமே. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் வழங்குவதும் அடங்கும்.

எப்போது பயிற்சி கூடாது

விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, காய்ச்சலுடன் கூடிய வலி, உறக்கத்தைக் கலைக்கும் இடைவிடாத வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைக் காண வேண்டும். முதியோரிடம் முதலாவது அறிகுறி எலும்பு முறிவாக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டோருக்கும் மிகுதியாக மது அருந்துவோருக்கும் குருதியோட்டம் குன்றித் தொடை எலும்பின் தலை மாய்வதுண்டு.

தேய்வு முற்றினால் மூட்டு மாற்று அறுவை செய்யப்படும். இதன் இன்றைய வடிவை இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962 இல் நிலைநிறுத்தினார். மூட்டின் பின்புறமாக அறுவை செய்யப்பட்டோர் தொடக்க வாரங்களில் இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது எனப் பல மருத்துவர்கள் அறிவுறுத்துவர். நடவும் தரையில் குந்தி அமர்தலும் இவ்வரம்பை எளிதில் மீறிவிடும். செம்மை நெல் சாகுபடியில் பயன்படும் கோனோ களைக்கருவி நிமிர்ந்து நின்று தள்ளப்படுவதால் களையெடுப்பில் குனிவது குறைகின்றது. ஆயினும் சேற்றில் அதனைத் தள்ளுவதற்கும் வலிய கால்கள் வேண்டும்.